எழுந்து நிற்கும் பாடம்

மஞ்சக்குட்டை மேல் பங்களா
ஆடி 20, திங்கள்

அன்புள்ள கலாவதிக்கு,

நான் மெட்ராசில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் நம் வீட்டு ஓடு தெரிகிற தூரத்தில்தான் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை சட்டசபையில் நம்பிக்கை ஓட்டெடுப்பு. அதுவரை எங்கள் கட்சி எம்.எல்.ஏ.க்கள் யாரும் தாவிவிடக் கூடாதென்று இந்த எஸ்டேட் பங்களாவில் அடைத்து வைத்திருக்கிறார்கள். நம் தொகுதியில் செம்மநத்தத்துச் சனங்களைக் குடிசைகளைக் காலி செய்யச் சொன்ன மந்திரிசபைக்கு நானும் ஓட்டுப் போட வேண்டுமாம்.

பேராசிரியர் என்பதால் சாயங்காலம் எனக்கு வகுப்பு வேறு. சபாநாயகர் நம் வரிசையைக் கூப்பிட்டதும் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும், எண்ணி முடியும்வரை உட்காரக் கூடாது என்று மற்றவர்களைப் பழக்குகிறேன். காலேஜில் இத்தனை வருஷம் அரசியல் விஞ்ஞானம் நடத்தியும் இப்படி ஒரு பாடம் நடத்தியதில்லை. நேற்று கருப்பண்ணன் என்கிற மெம்பர் எழுந்திருக்கவில்லை. அப்போதே ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். ஊருக்குப் போய்விட்டாராம். செருப்பு இங்கேதான் கிடக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது, கலா. மளிகை கொண்டுவரும் இப்ராஹிம் பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். யார் கேட்டாலும் நான் மெட்ராசில் இருப்பதாகவே சொல்.

உன்
வெங்கடாசலம்

*

மஞ்சக்குட்டை
ஆடி 21

அன்புள்ள மாமாவுக்கு,

நம் வாசலிலும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பாதுகாப்புக்காம். “ஏனுங்க, பாப்பா காலேஜ் உட்டு எந்த பஸ்ஸுல வருமுங்க?” என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

நாய் குரைத்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போகிற மனுஷனுக்கு இந்த எம்.எல்.ஏ. வேலை எதற்கு என்று அப்போதே கேட்டேன். இப்போது சண்டை போட நேரமில்லை. செம்மநத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் சொன்னபடி எழுந்து நின்றுவிட்டு வீடு வந்து சேருங்கள். நம் மகள் சுந்தரியை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள்
கலாவதி

*

மேல் பங்களா
ஆடி 22

அன்புள்ள கலாவுக்கு,

சரி, நிற்கிறேன். நம் குழந்தைக்காக நிற்கிறேன்.

ஓட்டுக் கேட்டுப் போனபோது செம்மநத்தம் மாதம்மாள் சொன்னது உனக்கு நினைவிருக்கும். “படிச்சவிங்க நீங்க, எங்களுக்காக எந்திரிச்சு நிப்பீங்க சாமி.” நிற்கத்தான் போகிறேன், அவள் குடிசையைப் பிடுங்குகிறவர்களுக்காக. இன்று வகுப்பில் என் குரலைக் கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது.

வெங்கடாசலம்

*

மஞ்சக்குட்டை
ஆடி 23

மாமாவுக்கு,

இப்ராஹிம் பாய் வீட்டு ரஹமத் பீவி அக்கா, தன் மருமகளின் புர்காவைச் சுந்தரிக்குப் போட்டுவிட்டு, அவளை பஸ்ஸில் கூட்டிப்போய் ஈரோட்டில் என் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டார். வாசலில் இருப்பவர்களுக்கு இன்னும் தெரியாது. இனி இங்கே அவர்கள் மிரட்டுவதற்கு நான் ஒருத்திதான் மிச்சம்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் முன்பு எழுதியதை மறந்துவிடுங்கள். உட்கார வேண்டுமென்று தோன்றினால் உட்காருங்கள். காலில் செருப்பை மட்டும் கழற்றாதீர்கள்.

உங்கள்
கலாவதி

*

மஞ்சக்குட்டை
ஆடி 27

அன்புள்ள மாமாவுக்கு,

மந்திரிசபை ஒரே ஓட்டில் கவிழ்ந்துவிட்டதை பாய் கடை ரேடியோவில் கேட்டேன். ஆளுங்கட்சி வரிசையில் ஒருவர் எழுந்திருக்கவே இல்லையாம். பெயர் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா? மாதம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வாசலில் இருந்த இருவரும் அன்றைக்கே சொல்லாமல் போய்விட்டார்கள். அவர்கள் இருந்தபோது இருந்ததைவிட இப்போதுதான் எனக்குப் பயம் அதிகமாக இருக்கிறது. பங்களாவும் பூட்டிக் கிடக்கிறது. சேலம் பஸ் வரும்போதெல்லாம் ஸ்டாப்பில் போய் நின்று, இறங்குகிறவர்களின் காலைப் பார்க்கிறேன்.

எந்த விலாசத்துக்கு எழுதுவதென்று தெரியாமல் எம்.எல்.ஏ. ஹாஸ்டலுக்கே இதைப் போடுகிறேன். கேட்கிறவர்களிடம் எல்லாம் நீங்கள் மெட்ராசில் இருப்பதாகவே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
கலாவதி