காது உடைத்த கேசட்

மார்ச் 3, ஞாயிறு

கேசட் கேட்க வழக்கமான மூன்று பேர். பல் டாக்டர், கீழ் வீட்டு என்ஜினியர், அப்புறம் தலையாட்டி. பாட்டு ஆரம்பிக்கும் முன்பே தலையை ஆட்டத் தொடங்கும் மனிதரை வேறு எப்படிச் சொல்வது?

ஞாயிறு வந்தால் என் வீட்டுக்காரருக்கு மாப்பிள்ளைக் களை வந்துவிடும். சுவர் முழுக்கக் கச்சேரி கேசட். ஒவ்வொன்றின் முதுகிலும் சின்னதாக இரண்டு பிளாஸ்டிக் காது இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் மறுபடி பதிய முடியாது. பதிந்த கையோடு ஸ்க்ரூடிரைவர் முனையால் உடைத்துவிட்டு, "இனிமே இதுக்குச் சாவில்ல" என்பார்.

அடுத்த வாரம், இவர் 'பெரியவர்' என்று கும்பிடும் வித்வானின் அந்தப் பழைய ரேடியோ கச்சேரியாம். உலகத்திலேயே இவரிடம் மட்டும்தான் இருக்கிறதாம். யாருக்கும் காப்பி கொடுத்ததில்லை, கொடுக்கவும் மாட்டாராம். நான் காப்பி கொடுத்தேன், டம்ளரில்.

மார்ச் 6

மகள் போனில். "அம்மா, நீ பாடின கேசட் ஒண்ணு இருக்குன்னு சொல்வியே, எடுத்து வை. நான் கேட்டதே இல்ல."

எப்படிக் கேட்டிருப்பாள்? கல்யாணமான புதிதில் ஒரு சின்ன ஹாலில் நான் பாடிய ஒரே கச்சேரி. இவர்தான் முன் வரிசையில் உட்கார்ந்து பதிந்தார். அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே எனக்குத் தைராய்டு ஆபரேஷன். நரம்பில் கத்தி பட்டுவிட்டது. அவளுக்குத் தெரிந்த அம்மா குரல் இந்தக் கரகரப்புதான். அதன் பிறகு அந்த கேசட்டைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இருக்கிறது என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

இவரிடம் கேட்டேன். "எங்க போயிடும்? பாத்துத் தரேன்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மார்ச் 10, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

பெரியவர் பாடி முடித்தார். வழக்கமாக அந்த நொடியே இவர் கை பொத்தானுக்குப் போகும். இன்று பார்த்து வாசலில் யாரோ மணி அடித்தார்கள், எழுந்து போனார். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சின்னச் சத்தம். பிறகு ஒரு பெண் குரல். தோடி ஆலாபனை, மேலே போய் நின்று, இறங்கி —

நான்.

டிரேயோடு அப்படியே நின்றேன். இவர் ஓடி வந்து நிறுத்தினார். "யாரு சார் அது, பிரமாதமா இருக்கே?" என்றார் பல் டாக்டர்.

"யாரோ. பழைய டேப்பு, முன்னாடி என்னமோ எடுத்திருந்தேன்."

யாரோ!

தலையாட்டி சொன்னார்: "அடுத்த வாரமும் இதையே போடுங்க சார்."

மார்ச் 11

இவரிடம் கேட்டுவிட்டேன்.

"திடீர்னு ரேடியோல பெரியவர் கச்சேரின்னு சொன்னான். கடையெல்லாம் மூடியாச்சு. கையில வேற கேசட் இல்ல."

"என்னோடதுதான் கிடைச்சுதா?"

"அதுலதான் காது உடைக்காம இருந்துச்சு."

"ஏங்க உடைக்கல?"

பேப்பரைப் பிரித்தார். "அவர் யாரு, நீ யாரு? நீயே யோசிச்சுப் பாரு" என்றார்.

மார்ச் 12

யோசித்துப் பார்த்தேன்.

மார்ச் 14

இவர் குளிக்கப் போனபோது கேசட்டை எடுத்துப் பார்த்தேன். இப்போது காது உடைந்திருக்கிறது. பெரியவரைப் பதிந்த கையோடு உடைத்திருக்கிறார். என்னை அழித்தது பத்திரமாக இருக்க வேண்டுமே!

வாலில் மிச்சம் இருப்பதைக் கேட்டேன். ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. என்ன குரல் அது. எனக்கே பொறாமையாக இருக்கிறது. முப்பது வருஷமாக அது ஆரம்பிக்கும் இடம் இவர் விரலுக்குத் தெரியும். ஒருநாளாவது நிறுத்தாமல் கேட்டிருப்பாரா?

உடைந்த காதின் ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். வேண்டாத கேசட்டுகளுக்கு இவர் அப்படித்தான் செய்வார்.

மார்ச் 16, சனி

யாரோ வீட்டைக் காலி செய்கிறார்களாம், பழைய கேசட் கிடைக்குமென்று காலையிலேயே இவர் பையோடு போய்விட்டார்.

ஒட்டினேன். மைக்கைச் சொருகினேன். என் குரல் தொடங்கும் இடத்தின் எண்ணை டெக்கில் பார்த்துக் குறித்துக்கொண்டு, முதலுக்குச் சுற்றினேன்.

பெரியவர் என்ன பாவம் செய்தார்? ஒன்றும் இல்லை. நான் மட்டும் என்ன செய்தேன்?

அமுக்கினேன். தோடியைத் தொடங்கினேன். மேலே போகவே இல்லை, காற்றுதான் வந்தது. முடிந்தவரை பாடினேன். இருமினேன். முடியாதபோது சும்மா உட்கார்ந்திருந்தேன், ஃபேன் சத்தம் பதிந்தது. அழுதேன் போலிருக்கிறது, அதுவும் பதிந்திருக்கும். குறித்த எண்ணுக்கு ஒரு மூச்சு முன்னால் நிறுத்தினேன்.

செலோடேப்பைப் பிரித்து எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். இனிமேல் இதற்குச் சாவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

மூன்று பேரும் வந்தார்கள். இவர் பெரியவரைப் பற்றி ஒரு சின்ன பிரசங்கம் செய்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

முதலில் ஃபேன் சத்தம். என் இருமல். பிறகு நான்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. வேகமாக முன்னால் ஓட்டிப் பார்த்தார், நான். இன்னும் ஓட்டினார், அங்கேயும் நான். தலையாட்டியின் தலை ஆடவே இல்லை.

"யாரு சார் இது?" என்றார் பல் டாக்டர்.

இவர் கேசட்டைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தும் சத்தம் வரவில்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"என் வொய்ஃப்" என்றார் கடைசியில்.

நான் போய் அவர்களோடு சோபாவில் உட்கார்ந்தேன். "நிறுத்தாதீங்க. முடியற இடத்துலதான் நல்லா பாடியிருக்கேன்" என்றேன்.