இடது பக்கம் ஒரு எட்டு

வள்ளியம்மைக்கு, தங்கையன் எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். ஜலதோஷம் மட்டும் பிடித்திருக்கிறது. காரணம் கீழே வருகிறது. செம்மொழியும் பிள்ளையும் நலம் என்று போனில் அவளே சொன்னாள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்கிறாள். இந்த வாரம் ஆறு தடவை கூப்பிட்டேன். ஆறு தடவையும் குளித்துக்கொண்டிருந்தாய். ஓசூரில் தண்ணீர் தாராளம் போலிருக்கிறது. கடிதமென்றால் தலையைத் துவட்டிக்கொண்டாவது படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

மணல் குவாரிக்கு ஆய்வு வந்தது. மணல் அள்ளி அடிபம்பு வற்றிவிட்டது என்று நீங்கள் பெண்களெல்லாம் கைநாட்டும் கையெழுத்துமாகக் கொடுத்தீர்களே, அந்த மனு வேலை செய்திருக்கிறது. அன்றைக்கு கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்றவன் நான், வெளியே காலிக் குடத்தோடு நின்றவள் நீ. வாட்ச்மேன் வேலை அப்படி. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

அதிகாரி வருகிறார் என்று மூன்று நாள் முன்பே மேனேஜர் அமிர்தலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. மூன்றடிக்கு மேல் மணல் அள்ளக்கூடாது என்பது உத்தரவு. நம் கொள்ளிடத்தில் அள்ளியிருக்கிற ஆழம் உனக்கே தெரியும். குழியில் ஊற்றெடுத்து விளிம்பு வரை கலங்கல் தண்ணீர். அதைப் பார்த்ததும் மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. கரையிலிருந்து குழிக்குள் மணல் மூட்டைகளைச் சுவர் மாதிரி அடுக்கச் சொன்னார். அதன்மேல் நடந்தால் தண்ணீர் சரியாக இடுப்பு வரைதான் இருக்கும். நேராக ஏழே ஏழு எட்டு எடுத்து வைத்து நிற்க வேண்டும், வலது இடது திரும்பக் கூடாது. நடக்க ஆள் யார்? நான்தான். நம்பிக்கையான முகமாம் எனக்கு. நீ இதை ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டு நாள் ஒத்திகை பார்த்தோம். கல்யாணத்தன்று மணவறையைச் சுற்றும்போதுகூட நான் அவ்வளவு கவனமாகக் கால் வைத்ததில்லை.

வந்த அதிகாரி ஒரு பெண். குந்தவை என்று பெயர். வயது முப்பதுகூட இருக்காது. இளநீரை வெட்டி நீட்டினார்கள். "முதல்ல குழி, அப்புறம் இளநீர்" என்றுவிட்டது அந்தப் பெண். கூட வந்தவர் அளக்கிற கம்பை நீட்டப் போனார். மேனேஜர் குறுக்கே விழுந்து, "கம்பு எதுக்கும்மா, நம்ம ஆளையே எறங்கச் சொல்றேன், கண்ணால பாத்துக்குங்க" என்றார்.

இறங்கினேன். ஏழு எட்டு. இடுப்பளவு தண்ணீரில் சாமி சிலை மாதிரி நின்றேன். மேனேஜர் கைதட்டாத குறை.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது. பிறகு, "பெரியவரே, அப்படியே இடது பக்கம் ஒரு எட்டு வைங்க" என்றது.

"அவருக்கு மூட்டுவலிம்மா" என்றார் மேனேஜர். எனக்கும் அப்படிச் சொல்லிவிட்டு ஏறிவிடலாம் என்றுதான் தோன்றியது. கரையைப் பார்த்தேன். காத்தாயியும் மற்றவர்களும் குடத்தோடு நின்றார்கள். முன்னால் நீ நிற்கிற இடத்தில் மட்டும் ஆள் இல்லை.

வைத்தேன்.

அவ்வளவுதான், தலை வரை உள்ளே போய்விட்டேன். வேட்டி தனியாக மேலே மிதந்ததாம். "அவருக்கு நீச்சல் தெரியும், ஒண்ணும் பயமில்ல" என்று மேனேஜர் கத்தினாராம். மூன்றடித் தண்ணீரில் எதற்கு நீச்சல் என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டிருக்கிறது. அளவுக் கம்பை நீட்டித்தான் என்னை இழுத்தார்கள். பிறகு அதே கம்பை நான் விழுந்த இடத்தில் விட்டுப் பார்த்தார்கள். பதினோரு அடி.

"ஆறே தோண்டிக்கிச்சும்மா" என்றார் அமிர்தலிங்கம். காத்தாயி சிரித்த சிரிப்பில் அந்தப் பெண்ணும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. என்னைக் கேட்டபோது மூட்டை அடுக்கிய கதை முழுவதையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன், ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு.

சாயங்காலமே கேட்டுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். லாரிகள் போய்விட்டன. என் வேலையும் போய்விட்டது. மேனேஜர் ஆள் அனுப்பிக் காக்கிச் சட்டையைத் திருப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டேன். தொப்பி குழிக்குள் கிடக்கிறது, வேண்டுமானால் இறங்கி எடுத்துக்கொள்ளட்டும்.

கால் வழுக்கிவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உனக்கு மட்டும் எழுதுகிறேன். வழுக்கவில்லை.

அடிபம்பில் இன்னும் தண்ணீர் வரவில்லை. கீழே ஊற மாதக்கணக்காகும் என்று அந்தப் பெண் சொன்னது. அதுவரை டேங்கர் வருகிறது. நானும் குடத்தோடு வரிசையில் நிற்கிறேன். கடைசியில்தான் விடுகிறார்கள். நியாயம்தான். நேற்று குடத்தை எப்படி இடுப்பில் வைப்பது என்று காத்தாயி சொல்லிக் கொடுத்தாள். பாதி என் மேல்தான் கொட்டியது.

மேலத்தெரு மெஹராஜ் பேகம் நாற்றங்காலுக்கு ஆள் வேண்டும் என்றார். திங்கள் முதல் போகிறேன். சோறு நானே வடிக்கிறேன். குழைகிறது.

பேரனுக்கு என் ஆசீர்வாதம். நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் வணக்கம். உன்னை வா என்று எழுத எனக்கு முகமில்லை. எந்த பஸ் என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடு. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
தங்கையன்