டிவி ஸ்டாண்டில் நுழையாத கேபினெட்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல மூடி வச்சிருக்கேன். சூடு பண்ணிக்கோங்க.

டிவியில படம் பார்க்கிறதுக்குன்னு நீங்க பாகம் பாகமா வாங்கிச் சேர்க்கிற கம்ப்யூட்டருக்குக் கேபினெட், அதான் அந்த வெளிப்பெட்டி, வந்திருக்கு. "டிவிக்குக் கீழ் தட்டுல அடக்கமா உக்காந்துக்கும், அளந்துட்டேன்"னு சொன்னீங்க. அந்தத் தட்டு ஒரு சாண் உயரம்கூட இல்லை. இது என் முழங்காலுக்கு வருது.

அப்போ எதை அளந்தீங்க? துணி அளக்கிற என் டேப் நேத்து தலைகீழா சுருட்டிக் கிடந்தப்பவே எனக்கு இடிச்சுது. இப்ப ஹால் முழுக்க அளந்துட்டேன். இது நிக்கிற மாதிரி இடம் ஒண்ணே ஒண்ணுதான். டிவி பக்கத்துல, என் தையல் மெஷின் நிக்கிற இடம்.

தைச்சதைக் கொடுத்துட்டு ஆறு மணிக்குள்ள வந்துடுவேன். இருமல் மருந்து குடிங்க.

இன்னொண்ணு, மெஷினோட நாலு காலைச் சுத்தியும் சாக்பீஸால கோடு போட்டிருக்கேன். வந்ததும் பார்ப்பேன்.