எல்லார் பெயரும் தெரியப் போன மெயில்

தென்காசி,
டிசம்பர் 29

அன்பு மகள் எப்சிபாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கன சுகம், நீயும் புனே குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நாலு நாளாய் உன் போனை எடுக்காமல் அப்புறம் பேசுதேன் என்று மெசேஜ் மட்டும் போட்டதற்குக் கோபமாய் இருப்பாய், நியாயம்தான். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம். அதான் முந்திரிக்கொத்து பார்சலோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். அப்பா ஐந்தருவிக் கடையே கதி என்று கிடக்கிறார், சபரிமலைக்குப் போகிற சாமிமார் கூட்டம், சிப்ஸ் போட்டு மாளவில்லை.

எங்கள் சிறப்புப் பள்ளிக்கு நன்கொடை கேட்டு வருடக் கடைசியில் அனுப்புகிற மெயிலை நீ சொன்னபடியே மாற்றி எழுதினேன். போன வருடம் நிர்வாகக் குழு பதினாலு பேரின் பெயரும் பட்டமும் போட்டிருந்ததைப் பார்த்து ஏம்மா இது கல்யாணப் பத்திரிகையா என்று சிரித்தாயே, அதையெல்லாம் எடுத்துவிட்டேன். ஒரே பிள்ளை, ஒரே தேவை என்றாய். இலத்தூர் இசக்கிச்செல்வியைப் பற்றி மட்டும், அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு எழுதினேன். ஏழு வயது, இப்போதுதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுகிறாள், பள்ளி வேனுக்கு இன்சூரன்சும் டிரைவர் சம்பளமும் இந்த மாதத்தோடு சரி, வேன் நின்றால் அவளும் வீட்டோடு நின்றுவிடுவாள். தலைப்பு, ஜனவரியில் இசக்கிச்செல்விக்கு வேன் வருமா? இருநூறு பேருக்கு அனுப்பின பிறகுதான் பார்க்கிறேன், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத கட்டத்தில் போடாமல் எல்லாரையும் மேல் கட்டத்திலேயே போட்டிருக்கிறேன். ஆபீஸ் அறைக்கு ஓடினேன். எங்கள் தலைமை ஆசிரியை தங்கபுஷ்பம் அக்கா, ஏட்டி ரூபி, எம்.சி.ஏ. படிச்சவ செய்யுத வேலையா இது, ஊரையே ஒரே பந்தியில உட்கார வச்சிட்டியே என்றார்கள்.

முதல் பதில் ஒரு ரிட்டயர்ட் அதிகாரியிடமிருந்து. என் முகவரியை ஊருக்கெல்லாம் கொடுக்க உனக்கு யார் அனுமதி தந்தது என்று எல்லாரும் பார்க்கவே எழுதிவிட்டார். அவர் கேட்டது சரிதானே. போன் செய்து மன்னிப்புக் கேட்டேன், பெயரை எடுத்துவிடு என்றார், எடுத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க, என்னால் பிள்ளைகளுக்கு வேன் இல்லாமல் போகுதே என்று அதே நினைப்பு. மறுநாள் மும்பையிலிருந்து முகம்மது இஸ்மாயில் அண்ணாச்சி, புளியங்குடிக்காரர், மும்பையில் எலுமிச்சை வியாபாரம், எல்லாருக்கும் போகிற மாதிரி ஒரு வரி எழுதினார்: வேன் இன்சூரன்ஸ் என் பொறுப்பு. அதைப் பார்த்துச் சென்னையிலிருந்து அய்யாக்குட்டி என்று ஒருவர், ஏலே இஸ்மாயிலு, எட்டாங்கிளாஸ்ல என் காம்பஸ் பாக்ஸைத் தொலைச்சவன் நீதானலே, உனக்கு எப்பலே இவ்வளவு பெரிய மனசு வந்துது, அப்ப டிரைவர் சம்பளம் ஆறு மாசத்துக்கு எம்பாடு என்று. அப்புறம் என்ன, மொய் வாசிக்கிற மைக் மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தர் செய்தது தெரிந்தபின் நம்மூர்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாரா? ஒரு வருடத்துக்கு வேன் ஓடும் எப்சி! அதற்காகச் செய்தது தப்பில்லை என்று ஆகிவிடாது, எல்லாருக்கும் தனித்தனியாய் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன்.

இன்று இலத்தூர் போய்ச் சொன்னேன். இசக்கிச்செல்வியின் அம்மா முப்பிடாதி, ஜனவரியிலிருந்து பிள்ளையையும் வயலுக்குத் தூக்கிக்கொண்டு வருவேன் என்று நடவுக்காரிகளிடம் சொல்லிவைத்திருந்தாளாம். நான் சொன்னதும், எத்தனை மணிக்கு வரும் டீச்சர் என்று மட்டும் கேட்டாள். எட்டரைக்கு என்றேன். உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றபடி இசக்கிச்செல்வி சொல்லுதா, டீச்சருக்கு ஒண்ணும் தெரியல, எட்டே காலுக்கே ஆரன் அடிக்கும்.

நீ போகிற இடமெல்லாம் கர்த்தர் உனக்கு முன்னே போவாராக, புது வருடம் உனக்கு நன்மையாய் இருக்கட்டும். ஸ்கூட்டியில் போகும்போது ஹெல்மெட்டைத் தலையில் மாட்டு, கைப்பிடியில் தொங்கவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ரூபி கிங்ஸ்லி