அப்பாவின் இடது பக்கம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், குளிர் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று அவரையே கேட்டால் நல்லா இருக்கேன் என்பார், அதை நம்பி நீயும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாய், அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் போன் அவர் தலைமாட்டில் இருக்கிறது, நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் குறுக்கே புகுந்து, உங்கம்மா எதையும் ஊதிப் பெருசாக்குவா, அவ பேச்ச விடு என்று முடித்துவிடுகிறார். கடையில் துணி தேய்க்கும் மேசை மேல் தாளை வைத்து எழுதுகிறேன், மருந்துக்கடைப் பெண் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் ஹெமிப்ளீஜியா என்று எழுதியிருந்ததை நீ தேடிப் பார்த்து, பாதி உடம்பு விழுந்துபோறதுக்குத்தாம்மா அந்தப் பேரு, நம்ம பக்கவாதம்தான், தினமும் பயிற்சி செஞ்சா தேறிடும் என்று சொன்னாய். நீ சொன்ன அர்த்தம் சரிதான். டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார், அந்தச் சொல்லில் முன்னே வருவதற்குப் பாதி என்று பொருளாம், பின்னே வருவதற்கு அடி என்று பொருளாம், மூளையில் வலது பக்கம் அடிபட்டால் உடம்பில் இடது பக்கம் போய்விடுமாம். ஆனால் சீட்டில் இல்லாத ஒன்றையும் சொன்னார். பேச்சு பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்து வேலை என்பதால் அப்பாவின் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, போனில் கேட்பவர்களுக்கு ஆள் முழுசாக இருப்பதாகத்தான் தோன்றும். போனது கை கால் மட்டும் இல்லை, இடது பக்கம் என்று ஒன்று உண்டு என்கிற நினைப்பே அவருக்குப் போய்விட்டது. கை அசையவில்லையே என்று வருத்தப்படுவதற்கும் கை இருப்பது தெரிய வேண்டுமே. அவர் உன்னிடம் பொய் சொல்லவில்லை கண்ணு, அவருக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறார்.

சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் வலது பாதி காலியாகும், இடது பாதி வைத்தது வைத்தபடி இருக்கும், வயித்துக்குப் போடக்கூடவா கஞ்சத்தனம் என்று என்னோடு சண்டைக்கு வருவார். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிட்டுவிட்டு, இத முன்னாடியே போட்டா என்னவாம் என்பார். உன் சித்தப்பா வந்து இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்து வாய் வலிக்கப் பேசினார், இவர் திரும்பவே இல்லை, அவர் எழுந்து போன பிறகு, கூடப் பொறந்தவன் ஒரு எட்டு வந்து பாக்கலையே என்று என்னிடம் குறைப்பட்டார். அது காதில் விழுந்து சித்தப்பா வாசலிலேயே நின்று அழுதார்.

இந்த லட்சணத்தில் கடைக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். இனி நிற்பதற்கு அந்த ஒரு கால்தானே இருக்கிறது என்று நான் சொன்னதற்குச் சிரிக்கக்கூட இல்லை. உன்னிடம் புகார் போனது, நீயும், அப்பாவக் கட்டிப்போடாதம்மா, வேலை செஞ்சா மனசாவது தேறும், சாவியக் குடு என்றாய். கொடுத்தேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, எனக்கும் உள்ளூர அந்த ஆசை இருந்தது. சக்கர நாற்காலியை மேசையோடு ஒட்டி நிறுத்தி, இஸ்திரிப் பெட்டியை வலது கையில் கொடுத்தேன். பழைய வாடிக்கைக்காரர், அந்த வங்கிக்காரரின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்தார். ஒரு பக்கம் அவர் கைக்கே உரிய மொடமொடப்பு, பட்டன் வரிசைக்கு அந்தப் பக்கம் துவைத்துப் பிழிந்த சுருக்கம் அப்படியே. ஆச்சு என்று நீட்டினார். வங்கிக்காரர் அதை வாங்கி மடித்துக்கொண்டு, முழுக் காசையும் கொடுத்துவிட்டுப் போனார், அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் நான் உள்ளே துணி நனைத்துக்கொண்டிருந்தேன். என்னமோ கருகுது, எந்தத் துணின்னு பாரு என்று குரல் கொடுத்தார், குரலில் பதற்றமே இல்லை. ஓடிவந்தால் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த சட்டையை உதறிக்கொண்டிருக்கிறார், பெட்டி இருந்தது அவருடைய இடது கை மேல். அலறியது நான்தான். உன்னிடம் போனில் ஏதோ கொப்புளம் என்று சொல்லிவிட்டார். சர்க்கரையும் இருப்பதால் புண் ஆறவில்லை, இரண்டு விரல் கறுத்துவிட்டது, வியாழக்கிழமை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் மணிக்கட்டு வரைக்கும் போகும் என்கிறார் பெரிய டாக்டர்.

இதற்கு அப்பா சம்மதிக்கவில்லை. ஏன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிப் படுக்கையில் தன் பக்கத்தில் கிடக்கும் அந்தக் கை தன்னுடையது இல்லை, உன் அம்மாவுடையது என்று நினைக்கிறார். ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு என்று அதைத் தடவிக்கொடுத்து, போர்வையை இழுத்து மூடுவார். டாக்டரம்மா அதைத் தூக்கிக் காட்டி இது யார் கை என்று கேட்டதற்கு, என் பெண்டாட்டி கை, பாவம், சுட்டுக்கிட்டா, முதல்ல அவளப் பாருங்க என்றார். நான் என் இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். பார்த்துவிட்டு, உன் கைய எனக்குத் தெரியாதா என்று சொல்லி அந்தக் கையையே பிடித்துக்கொண்டார். விரலை எடுக்கப் போவதாகச் சொன்னதும், இந்தக் கையாலதான் எங்க கடையே நிலைச்சு நின்னுச்சு, என் உசிரு இருக்கிறவரைக்கும் இதுல கத்தி வைக்க விடமாட்டேன் என்று நர்ஸைப் பிடித்துத் தள்ளிவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை. கேட்கக் கூடாத நேரத்தில் கேட்க வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சு எரிகிறது.

மனைவி கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். ஆனால் அவரை நாலு பேர் அமுக்கிப் பிடித்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டியிருக்கும். நீ சொன்னால் கேட்பார், சின்ன வயதிலிருந்து உன் பேச்சுக்குத்தான் அவர் தலையாட்டுவார். எப்பாடு பட்டாவது வியாழனுக்குள் வந்துவிடு. வந்ததும் அவருக்கு வலது பக்கமாகப் போய் நில், இடது பக்கம் நின்றால் நீ வந்ததே அவருக்குத் தெரியாது.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. மாப்பிள்ளையை ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒருநாளும் நிறுத்த வேண்டாம் என்று சொல், நல்லாத்தானே இருக்கேன் என்று இவர் நிறுத்தியதில்தான் எல்லாம் வந்தது. நீ வந்தாலும் வராவிட்டாலும் கையெழுத்தைப் போட்டுவிடுவேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கண் விழித்ததும் அவர் முதலில் என் விரலைத்தான் தேடுவார். இல்லை என்று தெரிந்தால் எனக்காக அழுவார். என் விரல் எல்லாம் பத்திரமாக இருக்க, அந்த அழுகையைப் பக்கத்தில் நின்று தனியாகக் கேட்க என்னால் முடியாது.

இப்படிக்கு,
உன் அம்மா