லெந்து முடியும்வரை பீரோவில்

பிப்ரவரி 8, 2005. செவ்வாய்

காலையில் பனி. எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. தோல் பதனிடும் ஷெட் வாடை மட்டும் வழி தெரிந்து வந்துவிட்டது.

வேலை: புளியில் கொட்டை எடுக்க. வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட (நாளை சாம்பல் புதன், லெந்து ஆரம்பம்). கேஸ் சிலிண்டருக்குப் பதிய.

ஷீபா காதில் மறுபடியும் செல்போன். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை கொடுத்தது. மோதிரம் போட்டான், சரி. செல்போன் எதற்கு? இப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தானாம். லெந்தில், ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது உபவாச நாளில், கோவிலில் கல்யாணம் கிடையாது, ஆகவே ஈஸ்டர் முடிந்து வைத்திருக்கிறோம். பிறகு அவள் அவனோடு அரக்கோணம். அதுவரையாவது என்னுடையவள் என்றிருந்தேன்.

அவன் பெயரை எழுத மனமில்லை. ஊர்ப்பெயர் போதும்.

இவளைப் பெற்ற என் தங்கை இறந்தபோது இவளுக்கு நடக்கத் தெரியாது. தூக்கி வளர்த்தவள் நான். அவள் சிரிப்பை வாங்கிக்கொள்வது இப்போது ஒரு கறுப்பு டப்பா. ஒரு ரிங் அடித்து நின்றால் அரக்கோணம் டூட்டிக்குப் போய்விட்டான். இரண்டு ரிங் என்றால் சாப்பிட்டுவிட்டான். அவன் சாப்பிட்டது எனக்குத் தெரிகிறது. என் வீட்டுப் பெண் சாப்பிட்டாளா, தெரியவில்லை.

பக்கத்து வீட்டு மெஹ்ரூன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து: "இன்னாக்கா, உம் பொண்ணு காதுலயே ஒட்டிக்கிச்சா அது? என் புள்ளயும் அப்படித்தான். ஒரே பேஜாரு."

அவளுக்குப் பேஜார். எனக்கு வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 9. சாம்பல் புதன்

ஆராதனையில் போதகர் சொன்னார்: வாலிபர்கள் இந்த லெந்தில் கறியை விடுவதைவிடச் செல்போனை விடலாம். நான் "ஆமென்" என்றேன். கொஞ்சம் சத்தமாகிவிட்டது. முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஷீபா: "ரொம்ப சந்தோஷமா ஆமென் சொன்னீங்களே பெரிம்மா?"

"ஆமாண்டி. நல்லதுக்குத்தான சொன்னாரு."

"சரி, நா உட்டுர்றேன். நீங்க இன்னா உடுவீங்க?"

"நா எதுக்கும் அடிமை இல்ல."

"காபி."

சரி என்றேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

அரக்கோணத்துக்குக் கடைசியாக ஒரு கால். பத்து வார்த்தையில் முடியும் என்று நின்றேன், சோறு வடித்து முடித்தும் முடியவில்லை. பிறகு அவளே அணைத்து என் கையில் கொடுத்தாள். பீரோவில், என் பட்டுப்புடவைக்கு அடியில். சாவி இடுப்பில்.

மனசு நிறைந்திருக்கிறது. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

பிப். 10. வியாழன்

காபி இல்லை. பின்மண்டை வலி. கேஸ் வரவில்லை.

சாயங்காலம் ஷீபா ஆபீஸ் விட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் கட்டைவிரல் பாய்மேல் தானாக எதையோ அழுத்திக்கொண்டிருந்தது. பார்க்கப் பாவம். பாவப்படவில்லை.

நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தோம். செல்போன் வருவதற்கு முன்னால் இந்த நேரத்தில் என்ன பேசுவோம்? ஏதோ பேசியிருப்போம்.

"நீங்களாவது எதுனா சொல்லுங்க பெரிம்மா. கம்பெனி கதை எதுனா."

வேலைக்குப் போன நாளில் ஷூ கம்பெனியில் நான் தையல் செக்‌ஷன். தோல் கட்டோடு வரும் சீட்டைப் பார்த்துத்தான் எழுத்துக்கூட்டப் பழகினேன், பள்ளிக்கூடத்தில் இல்லை. இடது கால் விஷயத்தை ஆரம்பித்தேன். கட்டிங்கிலிருந்து வந்த கட்டு அத்தனையும் இடது காலுக்கு வெட்டியது. எங்கள் லைன் முழுக்கத் தலை குனிந்து தைத்துக்கொண்டே இருந்தோம். சாயங்காலம் அடுக்கும்போதுதான் தெரிந்தது, வலது கால் ஒன்றுகூட இல்லை.

"ஒருத்தர் கூடவா பாக்கல?"

"பாத்தா பீஸ் கொறையும்டி. பீஸ் கணக்குலதான கூலி."

சிரித்தாள். செல்போனில் சிரிக்கும் அதே சிரிப்பு. என்னிடம்.

பிப். 12. சனி

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. புளி முடிந்தது, இரண்டு ஜாடி.

நேற்றும் இன்றும் கதை. சூப்பர்வைசர் முகம் போன போக்கு. மறுநாள் காலையிலேயே ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வந்து நின்றது. ஷூ ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜோடி எங்கே?" என்று அவர் கேட்டதுவரை வந்தேன். மெஹ்ரூன் தயிருக்கு உறை கேட்டு வந்துவிட்டாள். நின்றுபோயிற்று.

பிப். 13. ஞாயிறு

நாசமாய்ப் போன காபி.

லெந்தில் ஞாயிறு உபவாசக் கணக்கில் சேராது. கோவில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நானே சொல்லிக்கொடுப்பது. அந்தத் தைரியத்தில் காலையில் டிகாக்‌ஷன் இறக்கி, பெரிய டம்ளரில் ஊற்றி, முதல் வாய்.

"ஞாயித்துக்கெழம கணக்கு கெடையாதா பெரிம்மா?"

கையை நீட்டிக்கொண்டு நின்றாள். டம்ளர் என் கையில். சாவியைக் கொடுத்தேன்.

பின்கட்டுப் படியில் உட்கார்ந்து பேசினாள். நான் துணி காயப்போடப் போனேன். காய்ந்த துணியைத்தான் மறுபடி போட்டேன்.

"பெரிம்மா எங்கூடப் பேசுதுங்க... ஆமா, கதை கதையா. இத்தினி வருஷத்துல இப்பத்தான். முன்ன ஓவர்டைம் முடிஞ்சி வரும், சோறு போடும், படுத்துக்கும். நாந்தான் செவுத்தப் பாத்து பேசினு இருப்பேன்."

அப்புறம் இடது கால் கதையை, பையர் ஜோடி கேட்டதுவரை, அவனுக்குச் சொன்னாள். அவன் சிரித்தது கொடிவரை கேட்டது.

சுவர் என்றது பொய். களைப்பு வேறு, பேசாமலிருப்பது வேறு. படுத்துக்கொண்டே காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். பதில் சொன்னேனா என்று கேட்டால்... அவள் அதை என்னிடம் கேட்டிருக்க வேண்டும். அவனிடம் ஏன் சொல்கிறாள்? என் கதையை ஏன் கொடுக்கிறாள்?

காபி ஆறிப்போயிற்று. குடித்தேன்.

பிப். 14. திங்கள்

கேஸ் வந்தது. நான் கேட்பதற்கு முன்பே செல்போனை அணைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

இன்று காதலர் தினமாம், பேப்பரில் ஒரு பக்கம் முழுக்க ரோஜாப்பூ. சாயங்காலம் வந்து கேட்பாள், முடியாது என்று சொல்வது என்று தீர்மானித்து, சாவியை முந்தானையில் முடிந்துவைத்தேன்.

கேட்கவில்லை. முகம் கழுவி வந்து என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"அந்த பையரு ஜோடி கேட்டாரே, அப்புறம் இன்னா ஆச்சு?"

"கேக்கறது யாரு? நீயா, அரக்கோணமா?"

"ரெண்டு பேருந்தான்."

பொய் சொல்லத் தெரியாதவள். வளர்ப்பு அப்படி.

"அது சனிக்கெழமதான் சொல்லுவேன்."

"அய்யே! சனிக்கெழமயா?"

"அதுக்குள்ள வேற கதை இருக்குது. உக்காரு."

உண்மையில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சூப்பர்வைசர் பழைய சாம்பிளில் ஒரு வலது காலை எடுத்து நீட்டினார். பையர் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். அவ்வளவுதான். அதை இப்போதே சொல்லிவிட்டால் நாளைக்கு எதற்கு என் பக்கத்தில் உட்காருவாள்?

தலைவலி விடவில்லை. கம்பெனியில் நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறேன். ஈஸ்டர்வரை கதை வந்தாக வேண்டும்.