முந்தானையை விட்ட கை

என் ஆசை அய்யாவுக்கு,

காரியமெல்லாம் முடிந்து சொந்தபந்தம் கலைந்துவிட்டது. உங்கள் கயிற்றுக் கட்டிலைக் கழுவி வாசலில் வெயிலுக்குச் சாத்தியிருக்கிறேன். வீட்டுக்குள் இவ்வளவு இடமா என்று இருக்கிறது. ஆனாலும் நான் இன்னும் சுவரோரமாகத்தான் நடக்கிறேன்.

கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கும்போது உங்களுக்கு ஒரு பக்கத்துக் கையும் காலும் இழுத்துக்கொண்டது என்று ஆள் வந்து சொன்னதும், மோகனூரிலிருந்து ஓடிவந்தேன். பிள்ளையை அனுப்ப மாமியார் ஒப்பவில்லை. ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று, அப்போதுதான் பால் மறந்திருந்த செல்லாயியை அங்கேயே விட்டு வந்தேன். அவளுக்கு இப்போது பல் விழுந்து முளைக்கிறது.

உங்கள் மாப்பிள்ளை பொங்கல், தீபாவளி என்று நோம்பிக்கு நோம்பி வண்டி கட்டிக்கொண்டு தனியாக வருவார். "என்னுங்க மாமா, கூட்டிட்டுப் போகட்டுங்களா?" என்பார். நீங்கள் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பீர்கள். "அம்மிணி, நீ போயிட்டா என்னய ஆரு சாமி திருப்பிப் படுக்க வெப்பா?"

வண்டி வெறும் வண்டியாகத் திரும்பும். எனக்கு உங்கள் மேல் கொள்ளைக் கோபம், அய்யா. அந்தக் கோபத்தோடேதான் கம்பங்கூழ் கரைத்து ஊட்டுவேன். நீங்கள் குடித்து முடித்தால் என் வயிறு குளிரும். பொட்டப்பிள்ளைக்குப் படிப்பா என்று ஊர் சிரிக்கச் சிரிக்க என்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவரை எப்படி விட்டுவிட்டுப் போவேன்?

கடைசியில் தண்ணீர்கூட இறங்காமல் மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. சித்தப்பா வந்து பார்த்தார். "அண்ணனுக்கு மண்ணாசை உடமாட்டீங்குது. கெணத்துக்காட்டு மண்ணக் கரைச்சு ஊத்தும்மா, உசுரு அடங்கீரும்" என்றார். ஊரில் எல்லாரும் செய்வதுதான். துணியில் வடிகட்டி, சொட்டுச் சொட்டாக விட்டேன். அடங்கவில்லை. கடைவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டு நிமிரப் பார்த்தேன், முடியவில்லை. உங்கள் நல்ல கை என் முந்தானையை முறுக்கிப் பிடித்திருந்தது. மண்ணாசை இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

உங்கள் காதருகே குனிந்து, "நான் எங்கயும் போகலீங்கய்யா. இங்கயேதான் இருப்பேன். நீங்க நிம்மதியாப் போங்க" என்றேன். பிடி தளர்ந்தது.

இன்று காலையில் வண்டி வந்தது. செல்லாயியும் வந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் அவள் அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இது ஆருங்கப்பா?" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஊட்டுக்குப் போலாமா, புள்ள?" என்றார். காகிதத்தை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கு நெஞ்சுக்குக் குறுக்கே நிற்கிறது. அதிலிருந்து என்னை விடுவிக்க வேண்டிய நீங்களே போய்விட்டீர்கள். இனி யாரிடம் போய்க் கேட்பேன்? நான் சொன்னதை நம்பித்தான் கையை விட்டீர்களா? இல்லை, இவள் போகட்டும் என்று விட்டீர்களா?

மாடு பூட்டியாகிவிட்டது. நான் போகிறேன், அய்யா. எழுதிவிட்டேனே தவிர, கால் வாசற்படியிலேயே நிற்கிறது. அந்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியாது. அதற்குப் பதிலாக வேறொன்று தருகிறேன். நாளைக்கு நானும் கட்டிலில் விழுவேன். என்னைப் பார்க்கச் செல்லாயி வந்து குனியும்போது, என் இரண்டு கைகளையும் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொள்வேன்.

உங்கள் மகள், செல்லாயியின் அம்மா,
பாவாயி